நான்காம் பாட்டுக்கு மேல் போகாத ஸ்டீரியோ

தா. ஏசுபாதம், எம்.எஸ்சி., எம்.எட்.,
பொறுப்புத் தலைமையாசிரியர்,
வேதாசல நகர், செங்கல்பட்டு.
மே 14, புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் திரு. ஆல்வின் அவர்களுக்கு ஏசுபாதம் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்காள் ஜாக்குலினும் மகள் பிரிசில்லாவும் இங்கே சுகம். ஓசூரில் உங்கள் குடும்பத்தின் சுகத்தை அறிய உங்கள் அக்காள் ஆவலாக இருக்கிறாள். பதின்மூன்று வருடங்களாக நமக்குள் தேவைக்கு மேல் பேச்சு இல்லை. நீங்கள் மறைமலைநகர் தொழிற்சாலையிலிருந்து ஓசூருக்கு மாற்றலாகிப் போன இந்த ஆறு வருடங்களில் தேவையும் இல்லை. எனவே இந்தக் கடிதம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். எழுதுகிற எனக்கே அளிக்கிறது.

இரண்டு காரியங்களுக்காக எழுதுகிறேன். முதலாவது, ஊரைவிட்டுப் போகும்போது உங்கள் அக்காளுக்கு நீங்கள் விட்டுச்சென்ற காரில் இருந்த ஸ்டீரியோவைத் தனிப் பார்சலில் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். இரண்டாவது, பிரிசில்லாவின் கல்யாணம் தொடர்பானது. “கல்யாணத்த மொதல்ல எழுதுங்க, ரேடியோ கதைய அப்பால எழுதிக்கலாம்” என்று உங்கள் அக்காள் சமையலறையிலிருந்து சொல்கிறாள். கல்யாணப் பேச்சு ரேடியோவிலிருந்துதான் வந்தது என்பதால் வரிசையை மாற்ற இயலாது என்று பதில் சொல்லிவிட்டேன். கரண்டி ஒன்று கீழே விழுந்தது. விழுந்ததாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஸ்டீரியோவின் குணம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் ஓட்டிய காலத்திலேயே அதன் வாயில் ஒரு குறுந்தகடு சிக்கிக்கொண்டது. அதை அது துப்பவும் இல்லை, முழுதாகப் பாடவும் இல்லை. முதல் பாட்டிலிருந்து நான்காம் பாட்டு வரைக்கும் பாடும், அங்கே ஒரு முறை விக்கும், மறுபடி முதல் பாட்டுக்குப் போய்விடும். ரேடியோவை வைத்தால் அப்பளம் பொரிக்கிற சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் யாரும் தொடாமல் தானாகவே பாடத் தொடங்கும். இதெல்லாம் சகிக்கக்கூடியவை. சிக்கிய தகடு எது என்பதுதான் சகிக்க முடியாதது. நம் சபைப் பாடகர் குழு பதின்மூன்று கிறிஸ்துமஸ்களுக்கு முன் உங்கள் தலைமையில் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல் தகடு அது. அதில் ஏழாவது பாட்டின் இரண்டாம் சரணத்தை நான் தனிக்குரலில் பாடினேன். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில், குளிரூட்டிக்கு நேர் கீழே நின்று, தொண்டையில் மிளகு வைத்துக்கொண்டு பாடினேன். தகடு வெளியான அன்று அட்டையின் பின்புறம் பாடியவர்கள் பட்டியலைப் பார்த்தேன். பதினாறு பெயர்கள். என் பெயர் இல்லை. தாளத்துக்குக் கைதட்ட மட்டும் வந்தவரின் பெயர்கூட இருந்தது. வெட்டிவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ள எம்.எஸ்சி. தேவையில்லை.

அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பாடகர் குழுவிலிருந்து விலகினேன். காலை எட்டரை மணி ஆராதனையை விட்டு, பாட்டு குறைவாக உள்ள ஆறு மணி ஆராதனைக்குப் போகத் தொடங்கினேன். இந்தத் தகட்டைப் பற்றி இனி என் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். உங்கள் அக்காளைப் பற்றி எத்தனையோ சொல்லலாம், ஆனால் அந்த ஓர் உத்தரவுக்கு அவள் கீழ்ப்படிந்தாள். என் பங்குக்குத் தரப்பட்ட தகட்டைக் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்காமல், சாட்சியமாக, பீரோவில் மனைப் பத்திரத்தோடு வைத்தேன். அந்த வருடம் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் என்னிடம் வந்து, “சார், ஒங்க பாட்டக் கேட்டேன் சார்” என்று சொல்லிச் சிரித்தார். இல்லாத பாட்டைக் கேட்டேன் என்று சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு என் நிலைமை வந்தது. அவரோடும் பேச்சை நிறுத்தினேன்.

இப்படிப்பட்ட தகடு, இப்படிப்பட்ட ஸ்டீரியோவில், என் தலையில் வந்து விழுந்தது. ஆறு வருடங்களாக முதல் நான்கு பாட்டுகளையும் கேட்கிறேன். மூன்றாம் பாட்டில் பல்லவிக்கு முன் நீங்கள் தொண்டையைச் செருமுவது எனக்கு மனப்பாடம். கழற்றி எறியலாம் என்றால், “என் தம்பிதான் இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது, அவன் கொரலாவது வண்டில வந்துகினு இருக்கட்டும்” என்று உங்கள் அக்காள் சொல்வாள். நான் பொறுத்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் திருக்கழுக்குன்றத்தில் எங்கள் ஓவிய ஆசிரியர் இறந்துபோனார். துக்க வீட்டு வாசலில் வண்டியை மெதுவாக நிறுத்தும்போது அங்கே ஒரு வேகத்தடை இருந்ததை நான் கவனிக்கவில்லை. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, பதினாறு பேர் சேர்ந்து மகிழ்ச்சி மகிழ்ச்சி என்று பாடினீர்கள். சாவியை எடுத்த பிறகும் அரை நிமிடம் பாடினீர்கள். அந்த விதவை அம்மாள் இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதுவும் உங்கள் கணக்கில்தான் வருகிறது.

இனி புதிய ரேடியோவுக்கு வருகிறேன். பிரிசில்லாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஜோஷ்வா, சிறுசேரியில் கணினி நிறுவனத்தில் வேலை. தகப்பனார் திரு. எபிநேசர் மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்று கடப்பாக்கத்தில் இருக்கிறார். சாதுவானவர், அதிகம் பேசாதவர், இடது காதில் ஒயர் மாட்டியிருப்பார். போன சனிக்கிழமை அவரை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் கல்யாண மண்டபத்தைப் பார்த்து வருவதாக ஏற்பாடு. அதற்கு நான்கு நாள் முன்பு பிரிசில்லா என் முன்னால் வந்து நின்று, “அப்பா, ஜோஷ்வாவோட அப்பாவ ஏத்திகினு மே மாசத்துல கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுகினு ஈசிஆர்ல போனா, இந்தக் குடும்பத்துல இன்னா கோளாறுன்னு அவரு கேக்க மாட்டாரா?” என்றாள். கேட்டால் விளக்கமாகச் சொல்லலாமே என்றேன். அதைக் கேட்டபிறகு ஸ்டீரியோவை உடனே மாற்ற வேண்டும் என்பதில் தாயும் மகளும் ஒன்றானார்கள்.

ராட்டினங்கிணறு பக்கம் சம்பத் என்பவர் கார் ரேடியோ கடை வைத்திருக்கிறார். வண்டிக்குள் தலையை விட்டு நம் ஸ்டீரியோவைப் பார்த்தார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். “இன்னா சார், இத்த வெச்சிகினா இத்தினி நாளா ஓட்டிகினு இருந்த? வயித்துல வேற என்னமோ மாட்டிகினு கீது” என்றார். அது சொந்தக்காரர் வைத்தது என்றேன். “சொந்தக்காரன்னாலே பேஜாரு சார்” என்றார். பல வருடங்களில் என் வாழ்க்கையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் மனிதர் என்பதால் அவரையே வேலையைச் செய்யச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் சரியாக வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

டிஜிட்டல் ரேடியோ போட்டுக்கொள்ளும்படி ஆலோசனை சொன்னவர் அவர். “கொர்ரு கொர்ருன்ற பேச்சே கெடையாது சார். வந்தா பளிச்சுன்னு வரும். வரலன்னா கம்முனு கெடக்கும். நடுவுல ஒண்ணும் கெடையாது.” அந்தக் கொள்கை எனக்குப் பிடித்தது. நானும் அப்படித்தான். ஆனால் புதிய பெட்டி பழைய பொந்துக்குள் நுழையவில்லை. பொந்தைப் பெரிதாக்க அறுத்தார். அறுத்ததில் ஏசி காற்று வரும் வழி ஒன்று அடைபட்டு, இப்போது ஓட்டுநருக்குக் காற்று முழங்காலில் மட்டும் வருகிறது. ஏரியலுக்காகக் கூரையில் ஓட்டை போட்டார். முன்விளக்கைப் போட்டால் ரேடியோ அணைந்துவிடுகிறது. கேட்டால், “பகல்ல கேளு சார்” என்கிறார். ஹாரன் ஒயர் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது, மற்ற சமயங்களில் அடிப்பதில்லை. மூன்று நாள் அவர் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கழற்றிய பழைய ஸ்டீரியோவைச் செய்தித்தாளில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல் என் மடியில் வைத்தார். தகடு இன்னும் அதன் வயிற்றில்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை கடப்பாக்கத்தில் சம்பந்தியை முன்இருக்கையில் ஏற்றினேன். பின்னால் உங்கள் அக்காள். காதில் ஒயர் இருந்ததால் அது காது கேட்கும் கருவி என்று நினைத்து, ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்புகிற இடத்திலிருந்தே நான் உரக்கப் பேசிக்கொண்டு வந்தேன். அவரும் உரக்கவே பதில் சொன்னார். சிறிது நேரத்தில் பேச விஷயம் தீர்ந்துவிட்டதால் டிஜிட்டல் ரேடியோவைப் போட்டேன். கிரிக்கெட் வர்ணனை. சம்பத் சொன்னபடியே பளிச்சென்று வந்தது. வர்ணனையாளர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நான் அமைதியாகப் பெருமைப்பட்டேன். அப்போது சம்பந்தி சாலையைப் பார்த்தபடியே, “த, போய்ட்டான்” என்றார். யார் என்று பார்த்தேன். சாலையில் ஓர் ஆடு மட்டும் இருந்தது. அடுத்த கணம் வர்ணனையாளர், விக்கெட் போய்விட்டது என்று அலறினார்.

உங்கள் அக்காள் பின்னால், “ஐய, எப்பிடிண்ணா தெரிஞ்சிது?” என்றாள். அவர் குழப்பமாகத் திரும்பிப் பார்த்து, “இன்னாமா தெரிஞ்சிது?” என்றார். கூவத்தூர் வருவதற்குள் இன்னும் இரண்டு நடந்தன. “அடிச்சான் பாரு சிக்ஸரு” என்று தொடையில் தட்டுவார். பிறகு சிக்ஸர் வரும். “புடிச்சிட்டான்” என்பார், பிறகு பிடிபடும். மணி அடித்துச் செய்தி வந்தபோது, “காவேரித் தண்ணிய பத்தி இன்னொரு கூட்டமாம்” என்றார். பிறகு காவேரி வந்தது. உங்கள் அக்காள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன், முக்காடு போட்டிருந்தாள்.

மைத்துனர் அவர்களே, நான் இயற்பியல் ஆசிரியர். டிஜிட்டல் ஒலிபரப்பில் சத்தத்தை எண்களாக மாற்றி அனுப்பி, இந்தப் பக்கம் மறுபடி சத்தமாக மாற்ற நேரம் பிடிக்கும். நம் வண்டியில் நான்கு விநாடி. சாதா ரேடியோவில் அந்தத் தாமதம் இல்லை. சம்பந்தியின் காதில் இருந்தது காது கேட்கும் கருவி அல்ல. சட்டைப் பையில் சோப்பு அளவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார். இருபது வருடமாக அதன் ஒயரைக் காதிலிருந்து எடுத்ததில்லையாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. வண்டியில் எனக்குத் தெரிந்தது, என் மனைவி என் சம்பந்தியைத் தீர்க்கதரிசியாக ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்பது மட்டும்தான்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது அவள் குரல் நடுங்கக் கேட்டாள்: “அண்ணா, எம் பொண்ணு கல்யாணம் எப்பிடிண்ணா நடக்கும்?” அவர் காதில் ஒயரோடு கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஜோரா நடக்கும்மா” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆமா, பொண்ணுக்குத் தாய்மாமன் உண்டில்ல? நான் இன்னும் பாக்கவே இல்லியே. வருவாரு, வருவாரு” என்றார். விக்கெட் விழுந்ததைச் சொன்ன அதே குரலில் சொன்னார். அந்த நேரம் பார்த்து, சம்பத் சொன்னபடியே, டிஜிட்டல் ரேடியோ கம்மென்று ஆகிவிட்டது. பழைய ஸ்டீரியோவாக இருந்தால் கொர்ரென்றாவது ஏதாவது சொல்லியிருக்கும். பாலம் முடிகிற வரைக்கும் வண்டிக்குள் உங்கள் அக்காள் அழுகிற சத்தம் மட்டும்தான். நான் காற்றுக்காக முழங்காலை நகர்த்தி உட்கார்ந்தேன்.

மண்டபத்து வாசலில் இடது பக்கம் திருப்பினேன். ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளி ஓடிவந்து, “கேட்டு தொறந்துதான கீது, அப்பால இன்னாத்துக்கு அடிக்கிற?” என்று சண்டைக்கு வந்தார். பதற்றத்தில் சம்பந்தி குனிந்து இறங்க, பையிலிருந்து டிரான்சிஸ்டர் கீழே விழுந்து, ஒயர் பிடுங்கிக்கொண்டு வர்ணனை சொன்னது. அதே வர்ணனையை நான்கு விநாடி கழித்து வண்டி சொன்னது. நாங்கள் இருவரும் அதை நின்று கேட்டோம். உங்கள் அக்காள் ஏற்கெனவே மண்டபத்துக்குள் போய்விட்டிருந்தாள். அவர் மெதுவாக டிரான்சிஸ்டரை எடுத்துத் துடைத்தார். “நான் வேணும்னு செய்யல சம்பந்தி. ஒங்க ரேடியோதான் பின்னாடி வந்துகினு கீது” என்றார். பிறகு, “சொல்லிடாதீங்க. அம்மா சந்தோஷமா கீறாங்க” என்றார். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் சம்பந்தியை எப்படிக் காட்டிக்கொடுப்பது? கம்மென்று இருந்தேன்.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் உங்கள் அக்காளுக்கு, யார் பெயரையும் சொல்லாமல், பொதுவான அறிவியலாக, நான்கு விநாடித் தாமதத்தைக் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். முழுதும் பொறுமையாகக் கேட்டாள். “ஆண்டவரு நாலு செகண்டு முன்னாடி சொன்னா ஆகாதா?” என்றாள். 

அதன் பிறகு வந்ததுதான் இரண்டாவது காரியம். ஓசூர்ச் சபையில் எப்படியோ, இங்கே வழக்கம் மாறவில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் ஓலை படிக்கிறார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் எழுந்து தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டுச் சபையைப் பார்க்கிறார். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு ஓலை படித்தாயிற்று. உங்கள் அக்காள் இப்போது சொல்வது என்னவென்றால், உங்களை அழைத்து நான் கடிதம் எழுதவில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை படிக்கும்போது அவளே எழுந்து நிற்பாளாம். “பொண்ணோட அம்மாவா நீ தடை சொல்லுவ?” என்று கேட்டேன். “தாய்மாமன் இல்லாம கல்யாணமாங்க? அண்ணன் வாயில வந்துச்சி. நீங்க தடுத்தா நீங்கதான் தடை. எழுந்து ஒங்களத்தான் கை காட்டுவேன்” என்றாள். பிரிசில்லா பக்கத்தில் நின்று கொண்டு, “அம்மா காட்டுவாங்கப்பா” என்றாள். அந்தப் பெண்ணின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இயற்பியலில் குறைந்தபோதுகூட அவள் அப்படி நிற்கவில்லை.

ஆகவே, மே 28, புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டு ஆலயத்திலும், பிறகு மாமல்லபுரம் மண்டபத்திலும் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு உங்களைக் குடும்பத்தோடு அழைக்கிறேன். வந்தால் மணமகளின் தாய்மாமனுக்குரிய இடத்தில் உட்காரலாம். பாடகர் குழு இருக்கும் பக்கம் போக வேண்டாம். யார் கேட்டாலும் பாட வேண்டாம். தகட்டைப் பற்றிப் பேச வேண்டாம். உங்களை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர வண்டி வரும். அதில் டிஜிட்டல் ரேடியோ இருக்கும். உங்கள் குரல் இருக்காது. வர வசதிப்படாவிட்டால் தந்தியைப் போல் ஒரு வரி எழுதுங்கள், போதும். நான் அழைத்துவிட்டேன் என்பதற்கு இந்தக் கடிதத்தின் நகலை உங்கள் அக்காளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்டீரியோவுடன், பீரோவில் இருந்த என் தகட்டையும், உறை பிரிக்காத நிலையில், சாட்சியமாக இணைத்திருக்கிறேன். அட்டையின் பின்புறத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உங்கள் வாசலையும் வழியையும் காத்து, நியாயம் எது என்று காணும் கண்களையும் அருளுவாராக.

இப்படிக்கு,
பழைய உறவை மறக்காத,
ஏசுபாதம்.

பின்குறிப்பு (வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி): இன்று காலை பார்சலை எடுத்துக்கொண்டு கூரியர் கடைக்குப் போனேன். அங்கே கண்ணகி என்று ஒரு பெண் இருக்கிறாள். உள்ளே என்ன என்று கேட்டாள். ஒன்று ஸ்டீரியோ, மற்றது சாட்சியம் என்றேன். “சாட்சியம்னு எழுத முடியாது சார், இன்னான்னு பிரிச்சிக் காட்டு” என்றாள். பதின்மூன்று வருடம் காப்பாற்றிய கண்ணாடித்தாள், மறுக்க மறுக்க, அவள் நகத்தில் ஒரே கீறலில் போய்விட்டது. அட்டைக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதை விரித்து அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “இன்னா சார், இதுல ஒன் போட்டோ கீது, தலையில முடியெல்லாம் கீது” என்றாள்.

உள்தாளில் ஒரு முழுப் பக்கம். நடுவில் என் புகைப்படம். கீழே, ‘தனிக்குரல்: திரு. தா. ஏசுபாதம், எம்.எஸ்சி., எம்.எட்.’ பின்அட்டையில் இருந்தது மற்றவர்களின் பட்டியல்.

வீட்டுக்குப் போய் உங்கள் அக்காளிடம் காட்டினேன். “தெரியுமே” என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். “அந்தத் தட்ட பத்தி இந்த வூட்ல வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? தொறக்கல” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஸ்டீரியோவை எடுத்துக்கொண்டு சம்பத் கடைக்குப் போனேன். ஸ்குரூடிரைவரால் நெம்பித் தகட்டை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மேசை மேல் இருந்த வேறொரு பெட்டியில் போட்டார். ஏழாம் பாட்டு. இரண்டாம் சரணம். நான் பாடினேன். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் பிசிறி, படியில் கால் தவறியவன் மாதிரி எங்கெங்கோ பிடித்துக்கொண்டே கீழே வந்தது. சம்பத் கையில் ஒயரோடு நிமிர்ந்து, “யாரு சார் இது? கழுத்தப் புடிச்ச மாரி கத்திகினு கீறான்” என்றார். தெரியாது என்றேன். சரணம் முடியும் இடத்தில் அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் மெல்ல வந்து சேர்ந்தது. சேர்ந்து, தாங்கிப் பிடித்து, பல்லவி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறு வருடமாகக் கேட்கிற குரல். செருமுவதுகூட அதேதான்.

ஆல்வின், இதை ஏன் வெட்டாமல் விட்டாய்? வெட்டினாய் என்று பதின்மூன்று வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன். இனி வெட்டவில்லை என்பதற்காக இருக்க வேண்டும். இதற்குப் பதின்மூன்று வருடம் போதாது போலிருக்கிறது. சபைச் செயலாளர் அன்று ஏன் சிரித்தார் என்பதும் இப்போது புரிகிறது. அவர் விஷயத்தில் நான் செய்தது சரிதான்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். ஆறு பக்கம், கையெழுத்து நன்றாக அமைந்திருக்கிறது. அதனால் அப்படியே அனுப்புகிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் படித்தால் போதும். மே 28 வரைக்கும் காத்திருக்காதே. சனிக்கிழமையே கிளம்பி வா. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை படிக்கும்போது உன் அக்காள் எழுந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள உன்னால்தான் முடியும். கல்யாணத்தில் நீ பாடுகிறாய். நான் பாடவில்லை.

பார்சல் வராது. எதிர்பார்க்க வேண்டாம். அறுத்த இடத்தில் பலகை அடைத்துப் பழைய ஸ்டீரியோவையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன். தகடும் உள்ளேதான் இருக்கும். “நாலாம் பாட்டுல சிக்குதே சார், அத்த சரி பண்ணிடட்டா?” என்று சம்பத் கேட்டார். அந்தக் கோளாறை மட்டும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.